அலமாரி மேல் ஒரு குடுவை

மார்ச் 4, திங்கள்

டைரி கைக்கு வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குச் சோயா மாவு போடும் வியாபாரி ஆளுக்கு ஒன்று கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய போன் நம்பர், அதற்குப் பக்கத்தில் "மொத்தமாகவும் சில்லறையாகவும்". என் மனசை எப்படிக் கொட்டுவது என்று அவரே முடிவு பண்ணிவிட்டார்.

காலையில் சார் எல்லோரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டார். சார் என்றால் எங்கள் முதலாளி. ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கியவர். வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் அது இருப்பதால், மாதத்துக்கு ஒருத்தராவது இருமிக்கொண்டே உள்ளே வந்துவிடுகிறார்கள்.

விஷயம் இதுதான். பெரிய சோப்புத்தூள் கம்பெனி ஒன்று எங்கள் என்சைமைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்துவிட்டது. ஏப்ரல் பதினைந்துக்குள் பன்னிரண்டு டிரம் போய்ச் சேர வேண்டும். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க எங்களிடம்தான் வாங்குவார்கள். பிடிக்காவிட்டால்? நம்மால் கொடுக்கவே முடியாவிட்டால்? சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தொட்டிங்கள விக்கறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. வாங்க ஆள் இருக்கு. ஆனா அவங்களுக்குத் தொட்டி மட்டும்தான் வேணும். ஆளுங்க வேண்டாமாம்."

ஆளுங்க என்றால் நாங்கள் முப்பத்தொரு பேர். யாரும் டீயைத் தொடவில்லை.

என் வேலை என்னவென்று இன்றுவரை என் நாத்தனாருக்குப் புரியவைக்க முடியவில்லை. சோப்புக் கம்பெனியில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இந்த டைரிக்காவது சரியாகச் சொல்கிறேன். ஐயாயிரம் லிட்டர் எஃகுத் தொட்டி. அதற்குள் பாக்டீரியாவை விட்டு, சோயா மாவும் ஸ்டார்ச்சும் போட்டு, காற்று ஊதி, சூடு பார்த்து வளர்க்க வேண்டும். சாப்பிட்டுப் பெருகும்போது அது ஒரு சரக்கைக் கக்கும். அதுதான் என்சைம். சோப்புத்தூளில் கொஞ்சம் கலந்தால் முட்டைக்கறை, இரத்தக்கறை, பால்கறை எல்லாம் தன்னால் கழன்றுகொள்ளும். பத்தொன்பது வருஷமாக மூன்றாம் நம்பர் தொட்டி என் பொறுப்பு. என் பெண்ணுக்கு வயசு பதினேழு. அவளைவிட அது எனக்கு மூத்தது, அவளைவிடச் சொன்ன பேச்சும் கேட்கும்.

மார்ச் 6, புதன்

எங்கள் வீட்டுக்காரர் சலவைக்கடை வைத்திருக்கிறார். போன வாரத்து என்சைமை ஒரு பாட்டிலில் கொடுத்தேன், முட்டைக்கரு காய்ந்த சட்டை ஒன்றில் போட்டுப் பார்த்தார். "பரவால்ல." அவர் வாயிலிருந்து இது வந்தால் பெரிய பாராட்டு. கல்யாணத்துக்கு என்னைப் பார்த்துவிட்டுப் போனபோதும் இதைத்தான் சொன்னாராம்.

மார்ச் 9, சனி

பெரிய ஓட்டலில் கருத்தரங்கு. எங்களுக்கும் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். சாருக்கு அங்கே நிற்க ஒரு ஆள் வேண்டும், நான் போனேன். பட்டுப்புடவை கட்டியது தப்பு என்று ஏசியில் உட்கார்ந்ததும் புரிந்தது. மற்ற எல்லோரும் கோட்டுப் போட்டிருந்தார்கள்.

மேடையில் ஒருத்தர், "உயிரித் தொழில்நுட்பம்தான் நாளைய பொருளாதாரத்தின் முதுகெலும்பு" என்றார். திரையில் ஒரு கோடு சாய்வாக ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் திரையைத் தாண்டிவிட்டது. அந்தக் கோட்டில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை.

இடைவேளையில் ஒரு கோட்டுக்காரர் எங்கள் மேசைக்கு வந்து எத்தனை பேர் வேலை செய்கிறோம் என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். "ஓ, சின்ன யூனிட்" என்று சொல்லிவிட்டு, மேசையில் வைத்திருந்த மிட்டாயில் இரண்டை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு மனசு ஆறவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் விரல் விட்டு எண்ணினேன். மக்காச்சோளம் போடுகிறவர், அதை ஸ்டார்ச்சாக அரைக்கிற ஆலை, டைரி கொடுத்த சோயாக்காரர், டிரம் செய்கிறவர், வடிகட்டும் துணி நெய்கிறவர், லாரி டிரைவர், எங்கள் கேன்டீன்காரம்மா, அப்புறம் சோப்புத்தூள் கம்பெனி, கடைசியில் எங்கள் வீட்டுக்காரர். இரண்டு கையிலும் ஒரு விரல்தான் மிச்சம். இந்த அத்தனை பேரும் ஒரு பாக்டீரியா ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்பதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். யாருக்கும் அது தெரியாது. சின்ன யூனிட்டாம்.

மார்ச் 12, செவ்வாய்

தொட்டி செத்துப்போச்சு.

பதினொரு மணி வரை நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஆக்சிஜன் முள் மெல்ல மேலே ஏறியது. உள்ளே இருக்கும் கூட்டம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் முள் கீழேயே கிடக்க வேண்டும். ஏறுகிறது என்றால் உள்ளே மூச்சு விட ஆளில்லை என்று அர்த்தம். நுரை அமுங்கிவிட்டது. ஒரு குடுவையில் கொஞ்சம் பிடித்து தொட்டிக்கான பாக்டீரியாவை முதலில் கொஞ்சமாக வளர்க்கிற விதை அறை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். மாவுக் கரைசல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டியது, தெளிந்த டீ மாதிரி நிற்கிறது.

சார் பார்த்தவுடனே, "வைரஸ்" என்றார். நமக்குச் சளி வருவது போல பாக்டீரியாவுக்கும் வைரஸ் வரும். நமக்கு மூக்கு ஒழுகும், அதற்கு உடம்பே வெடித்துவிடும். ஐயாயிரம் லிட்டரும் நாலு மணி நேரத்தில் காலி.

இதற்கு நடுவில் பெண் போன் பண்ணுகிறாள். காலேஜ் விண்ணப்பத்தில் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், ஐந்து மணியோடு சரியாம். அவங்க அப்பா துணி எடுத்துவரப் போயிருக்கிறார். எந்தப் படிப்புக்கு விண்ணப்பம்? பயோடெக்னாலஜி. இன்றைக்குப் பார்த்து. ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன். கையெழுத்துப் போடும்போது கையில் சோயா நாற்றம்.

மார்ச் 16, சனி

நாலு நாளாகக் கழுவுகிறோம். குழாய், வால்வு, தரை, சாக்கடை, காற்று வடிகட்டி. எல்லாவற்றுக்கும் நீராவி. கையில் பட்டியலோடு பச்சைப் பேனா பின்னாலேயே வருகிறாள், நாங்கள் வைத்த பெயர் அது. தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. எங்களுக்கு மேலதிகாரி, ஆனால் என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவள். பச்சை மையில் அவள் கையெழுத்துப் போடாமல் இங்கே ஒரு துடைப்பம் கூட நகராது. நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். இரண்டு பேருக்குமே அதில் கொஞ்சம் சங்கடம்தான்.

பாய்லர் அண்ணன் முகமெல்லாம் சிவக்க நீராவி கொடுத்துக்கொண்டிருந்தார். "இதுக்கு மேல சூடு வெச்சா கட்டடமே வெந்துடும்மா" என்றார்.

மார்ச் 21, வியாழன்

நேற்று மறுபடி ஆரம்பித்தோம். இன்று மதியம் முள் மறுபடி ஏறிவிட்டது.

மார்ச் 22, வெள்ளி

வாயைக் கொடுத்து இன்னொருத்தரை மாட்டிவிட்டேன்.

இவ்வளவு கழுவியும் வைரஸ் எப்படி வந்தது என்று விசாரணை. நீராவி போதவில்லையா? நீராவி கொடுத்தபோது பிரஷர் எப்படி இருந்தது என்று சார் என்னைக் கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஞாபகம் இல்லை என்று. அதுதானே உண்மை. நான் சொன்னது, "ஒரு தடவை கொஞ்சம் கம்மியான மாதிரி இருந்துச்சு சார்."

மாதிரி. அந்த ஒரு வார்த்தைக்காக பாய்லர் அண்ணனை இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அண்ணன் ஒன்றும் வாதாடவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, "பிரஷர் கொறையல தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 25, திங்கள்

கண்டுபிடிச்சுட்டேன். இப்ப எழுத முடியாது.

அதே நாள், சாயங்காலம்

வீட்டுக்கு வந்து டீ குடித்தாயிற்று. எழுதிவிடுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேனே, அதை என்ன செய்தேன்? செத்த தொட்டியிலிருந்து எடுத்த எதையும் அன்றே நீராவிப் பெட்டியில் வேகவைத்துத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அன்றைக்கு மேசையில் இடமில்லை, பெண்ணின் போன் வேறு. விதை அறை அலமாரி மேல் வைத்துவிட்டு ஓடிப்போனேன். அப்படியே மறந்துபோனேன்.

இன்று டேப் எடுக்க அலமாரி மேல் கை விட்டேன். குடுவை விரலில் பட்டது. வாயில் அடைத்த பஞ்சு ஈரமாக இருந்தது. ஏசிக் காற்று நேராக அதன் மேல்தான் வீசுகிறது. அதற்குக் கீழே உள்ள மேசையில்தான் ஒவ்வொரு தடவையும் புது விதையைத் திறக்கிறோம். இரண்டாவது தடவை தொட்டியைக் கொன்றது நீராவி இல்லை. நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. தெளிந்து போயிருந்த அந்தக் குடுவை இப்போது கலங்கியிருக்கிறது. மாவுக் கரைசல் மாதிரி. எல்லாமே செத்துப்போன இடத்தில் எது வளர்ந்தது? வேறு ஏதாவது அழுக்காக இருக்கும் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தேன், அது இன்னொரு மடத்தனம். பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த அதே நாற்றம்.

யாரும் பார்க்கவில்லை. பேசாமல் வேகவைத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் யாருக்கும் தெரியவராது. பஞ்சுக்கு மேல் ஒரு பை கட்டி, நீராவிப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். பட்டனை மட்டும் அழுத்தவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்.

"சொன்னா வேலை போகுமா?"

"போகலாம்."

"சொல்லலன்னா?"

"பாய்லர் அண்ணனோடது போகும்."

சட்டையைத் திருப்பிப் போட்டார். "அப்ப எதுக்கு என்னக் கேக்கற? நீ முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க."

இந்த மனுஷனிடம் இதுதான் தொந்தரவு. நாலு வார்த்தைதான் பேசுவார், நாலும் சரியாக இருக்கும்.

மார்ச் 26, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சார் அறையில் பச்சைப் பேனாவும் இருந்தாள். ஒரே மூச்சில் சொன்னேன். குடுவை, அலமாரி, ஏசி, பிரஷர் பற்றி நான் பொய் சொன்னது. அதைப் பொய் என்றே சொன்னேன். பச்சைப் பேனா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அக்கா என்று ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை.

"பத்தொம்போது வருஷம். நீங்களே இப்படிப் பண்ணா நான் யாரத் திட்டறது?" என்றார் சார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

கடைசியில், குடுவை மறுபடி கலங்கியிருக்கிறது என்று சொன்னேன். சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வேகவெச்சிட்டீங்களா?" இல்லை என்றேன். அவர் பச்சைப் பேனாவைப் பார்த்தார். விதிப்படி அதை அந்த நிமிஷமே கொல்ல வேண்டும், அதற்கு உத்தரவு போடுகிறவள் அவள்தான். பேனா மூடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"விதை அறையில வேண்டாம். பின்னால பழைய எடை ரூம்ல வெச்சித் திறங்க. கோட்டு, செருப்பு எதுவும் அங்கருந்து வெளிய வரக்கூடாது. நான் எழுதித் தரேன்."

அவள் கைப்பட விதியைத் தளர்த்தி எழுதியதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

சார் எனக்குப் புரியவைத்தார். கோடிக்கணக்கான பாக்டீரியாவில் ஒன்றிரண்டு பிறக்கும்போதே கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும். வைரஸால் அதைப் பிடிக்க முடியாது. மற்றதெல்லாம் செத்தபிறகு மிச்சச் சாப்பாடு முழுக்க அதற்குத்தான். இரண்டு வாரம் யாரும் தொந்தரவு பண்ணாததால் பெருகிவிட்டது. அதைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டால் வைரஸ் வந்தாலும் எங்கள் தொட்டி சாகாது.

"ஆனா ஒண்ணு. தப்பிச்சது வேலையும் செய்யணும். அது தெரியாது."

பாய்லர் அண்ணனுக்கு சாரே போன் பண்ணினார். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். பேசவில்லை.

மார்ச் 29, வெள்ளி

பால் கலந்த தட்டுகளில் அந்தக் குடுவையிலிருந்து தடவி வைத்திருக்கிறோம். தட்டு வெள்ளையாக இருக்கும். என்சைம் கக்குகிற பாக்டீரியா வளர்ந்த இடத்தைச் சுற்றிப் பால் கரைந்து கண்ணாடி போல ஒரு வளையம் விழும். வளையம் பெரிதாக இருந்தால் நல்ல வேலைக்காரன்.

பாய்லர் அண்ணன் இன்று வேலைக்கு வந்துவிட்டார். வணக்கம் வைத்தேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் கேட்கிறாள், "உங்க கம்பெனி மூடிட்டா நான் எதுக்கும்மா இதப் படிக்கணும்?" முதலில் சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

தட்டுகளில் நாற்பத்தெட்டுப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாக் கூட்டம். எதையும் வைரஸ் தொடவில்லை, சார் வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார். ஆனால் நாற்பத்தைந்தைச் சுற்றி வளையமே இல்லை. நோயும் அண்டாது, வேலையும் செய்யாது. என் கொழுந்தன் ஞாபகம் வந்தது.

மீதி மூன்றில் இரண்டு சுமார். ஒன்று, தட்டின் ஓரத்தில், சுற்றிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பாலைக் கரைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. சார் ஸ்கேல் வைத்து மூன்று தடவை அளந்தார். பச்சைப் பேனா நாலாவது தடவை அளந்தாள்.

எனக்குக் கால் வலித்தது. அவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 10, புதன்

புது விதையோடு திங்கட்கிழமை மூன்றாம் நம்பரை ஆரம்பித்தோம். முள் கீழே போனது, அங்கேயே கிடந்தது. நுரை எழும்பியது. பழையதைவிட ஐந்து மணி நேரம் அதிகம் எடுத்துக்கொண்டது, கொஞ்சம் நிதானப் பேர்வழி. ஆனால் கக்க வேண்டியதைக் கக்கிவிட்டது.

இரண்டு நாளும் நான் தொட்டியை விட்டு நகரவில்லை என்று கேன்டீன்காரம்மா ரொட்டியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் சாப்பிடக் கூடாது. வாசலுக்கு வெளியே போய் நின்று சாப்பிட்டேன். இனிமேல் நான் விதியில் ஒரு புள்ளி கூட விடுவதாக இல்லை.

ஏப்ரல் 15, திங்கள்

பன்னிரண்டு டிரம். லாரி தெரு முனை திரும்பும்வரை முப்பத்தொரு பேரும் வாசலில் நின்று பார்த்தோம், பெண்ணை அனுப்பிவைக்கிற வீடு மாதிரி.

ஏப்ரல் 17, புதன்

புதுசில் ஒரு பாட்டில் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தேன். முட்டைச் சட்டையை இரண்டு தடவை முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார். "பழசு பரவால்ல. இது நல்லா இருக்கு."

ஏப்ரல் 24, புதன்

என் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பச்சை மை. இந்த வருஷ ஊதிய உயர்வு கிடையாது. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பச்சைப் பேனா கதவு வரை வந்து, "எழுதாம இருக்க முடியாதுக்கா" என்றாள். அக்கா திரும்பி வந்துவிட்டது. மனசு லேசாகிவிட்டது.

மே 6, திங்கள்

சோப்புத்தூள் கம்பெனியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. துவைத்துத் துவைத்துப் பார்க்கிறார்களாம். தொட்டி வாங்க வந்த ஆட்கள் இன்று டேப் பிடித்து வாசலை அளந்துவிட்டுப் போனார்கள். என் மூன்றாம் நம்பர் வெளியே போகுமா என்று பார்க்கிறார்களாம். பாவிகள், போகும்.

பாய்லர் அண்ணன் இன்னும் பேசவில்லை. கோபமாகக் கூட இல்லை. நான் நிற்கிற பக்கம் பார்வை வராமல் பார்த்துக்கொள்கிறார். எதிர்த்து நாலு வார்த்தை திட்டினால் தேவலை.

மே 21, செவ்வாய்

மதியம் சார் கேன்டீனுக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷ ஒப்பந்தம். அடுத்த மாதத்திலிருந்து மாதம் நாற்பது டிரம். இரண்டாம் நம்பர் தொட்டியையும் ஓட்ட வேண்டும், ஆறு பேரைப் புதிதாக எடுக்க வேண்டும். முப்பத்தேழு பேர். அந்தக் கோட்டுக்காரர் இன்னொரு தடவை வரட்டும், மிட்டாயை எண்ணித்தான் கொடுப்பேன்.

சோயா வியாபாரிக்கு நானே போன் பண்ணி இரட்டிப்பாக அனுப்பச் சொன்னேன். நம்பர் டைரியிலேயே இருந்தது.

அப்புறம் பச்சைப் பேனா பெரிய ரிஜிஸ்டரோடு வந்தாள். புது விதையைக் குளிர்பெட்டியில் நிரந்தரமாக வைக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். அவள் எழுதியிருந்தது: "மார்ச் 12 அன்று வேகவைக்க மறந்த குடுவையிலிருந்து." கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். எச்சரிக்கைக் கடிதத்திலும் இதே வரிதான். இரண்டிலும் ஒரே மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாய்லர் ரூமைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

"தங்கச்சி."

நின்றேன். அண்ணன் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலமாரி மேல பாத்தாச்சா?"

இரண்டு மாதத்தில் முதல் பேச்சு.

"பாத்தாச்சுண்ணே" என்றேன். திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.